மேடை வளர்த்த பிள்ளை! மேடை விழுங்கிய பிள்ளை!

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்திலே சாரல். மேற்கேயிருந்து புறப்படும் காற்று மலை இடுக்கிலே புகுந்து, தூறலைத் தூவிக்கொண்டே தென்காசி வரையில் வந்து சேரும். பேரருவியிலே கூட்டம், ஐந்தருவியிலே கூட்டம், பழைய குற்றாலத்திலே கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய முறைக்குக் காத்து நிற்கும் செல்வரும் உண்டு. அவருக்குப் பக்கத்திலேயே மூட்டை தூக்கும் தொழிலாளியும் உண்டு. அருவி ஆளைப் பார்த்து விழுவதில்லை! குலம் கேட்டுக் குளிர்விப்பதுமில்லை!

பகலெல்லாம் குளியல். மாலையானால் கலைவாணர் அரங்கத்திலே சாரல் விழா. கரகம், நையாண்டி மேளம், பாட்டு, ஆட்டம். நாம் மேடையைப் பார்ப்பதைவிட அதிகமாக மேடையின் பக்கவாட்டைப் பார்ப்பதுண்டு. அங்கேதான், தம் முறை எப்போது வருமென்று காத்து நிற்பார்கள் பிள்ளைகள். முகத்திலே சாயம், தோளிலே இரவல் பட்டு, பாடம் மறந்துவிடுமோ என்ற அச்சத்திலே உதடுகள் தமக்குள்ளே அசைந்துகொண்டிருக்கும். பொங்கல் விழாவிலும் கோயில் கொடையிலும் நாடகம் போடுகிற நம் ஊர் வாலிபர்களும் இப்படித்தான் நிற்பார்கள். நாமும் ஒரு காலத்திலே இப்படித்தான் நின்றோம்.

அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சிறுவனின் நினைவு வரும். குற்றாலத்துக்கு வெகு அருகில் இருக்கிற செங்கோட்டைச் சிறுவன். ஐந்தாறு வயதிலே அரிதாரம் பூசிக்கொண்டவன். இருபது வயதிலே தமிழகத்தையும் இலங்கையையும் தன் குரலால் கட்டியிழுத்தவன். முப்பது வயதைக் காணாமலே மண்ணுக்குள் போனவன். எஸ்.ஜி. கிட்டப்பா!

பெயரைச் சொன்னால் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இளைஞர்களோ யார் அவர் என்று கேட்பார்கள். கேட்கட்டும்! சொல்ல வேண்டியது நம் கடமை.

1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலே செங்கோட்டையில் பிறந்தார். தந்தை கங்காதர ஐயர், தாய் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டார் அழைத்த பெயர் கிட்டன். நாடு ஏற்றுக்கொண்ட பெயர் கிட்டப்பா. அந்நாளில் செங்கோட்டை, திருவாங்கூர் மன்னரின் ஆட்சியிலே இருந்தது. பேசுவது தமிழ், பாடுவது தமிழ், ஆளுவது மட்டும் திருவனந்தபுரம்! 1956 நவம்பர் 1ஆம் நாளிலேதான் செங்கோட்டை தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தது. அதைப் பார்க்கக் கிட்டப்பா இருக்கவில்லை.

அக்கிரகாரத்துப் பிள்ளைதான். மறைக்கவில்லை. ஆனால் வறுமை அந்த வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. பெரிய குடும்பம், சிறிய வருவாய். அடுப்பு எரியாத வீட்டுக்குப் பூணூல் விறகாகுமா? பள்ளிக்கூடத்திலே முறையாகப் படிக்க வழியில்லை. தமையன்மார் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள், தம்பியும் போனான். கலை அழைத்ததா, பசி துரத்தியதா? இரண்டும்தான் என்று சொல்வதே நேர்மை.

நாடகக் கம்பெனி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். சிறுவர்களை மட்டுமே சேர்த்து, ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்து, ஊர் ஊராக அழைத்துச் சென்று நாடகம் நடத்துவார்கள். அதற்கு பாய்ஸ் கம்பெனி என்று பெயர். சோறு கம்பெனியிலே, படுக்கை கம்பெனியிலே. பகலிலே பாடம், இரவிலே மேடை. பெண் வேடத்துக்கும் பையன்தான், ஸ்திரீபார்ட் என்பார்கள். அரச வேடக்காரர் ராஜபார்ட். சிரிக்க வைப்பவர் பபூன். பாடத் தெரியாதவனுக்கு அங்கே வாழ்வில்லை. வளருகிற பருவத்திலே ஆண்பிள்ளைக்குக் குரல் உடையுமே, மகரக்கட்டு, அது வந்து குரல் கெட்டுப்போனால் அதோடு பலருடைய கதை முடிந்தது. நேற்றுவரை தங்கக் குரலென்று தாங்கிய கை, இன்று வாசலைக் காட்டும்!

இந்தக் கம்பெனிகளுக்கு இலக்கணம் வகுத்தவர் தூத்துக்குடிச் சீமையைச் சேர்ந்த சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்தவர். உப்பளத்திலே கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், 24ஆம் வயதிலே நாடகத்துக்கு வந்தார். முதலில் நடித்தார், பிறகு எழுதினார், அதன் பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1910இல் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையிலே பயிற்சி பெற்ற பிள்ளைகளில் ஒருவர்தான் நம் கிட்டப்பா. 1918இல் மதுரையிலே மற்றொரு சிறுவர் சபையையும் சுவாமிகள் அமைத்தார். அதிலே வளர்ந்தவர்கள்தாம் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர் பெற்றார்கள். 1922இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

சுவாமிகள் எழுதியவை பெரும்பாலும் புராணங்கள். அந்தக் கதைகளோடு நமக்கு உடன்பாடில்லை என்பதை நாடறியும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க முடியாத பிள்ளைகளின் நாவிலே தமிழை ஏற்றிவைத்தவர் அவர். ஒலி பிசகினால் விடமாட்டார். சொல் சிதைந்தால் பொறுக்கமாட்டார். எழுத்தறியாத சிறுவன் வெண்பாவையும் விருத்தத்தையும் மனப்பாடமாகச் சொன்னான். ஏடு தராத தமிழை மேடை தந்தது. அந்த வகுப்பறையிலேதான் செங்கோட்டைச் சிறுவனும் படித்தான்.

பிறகு கன்னையா கம்பெனி. கன்னையாவின் நாடகமென்றால் காட்சிக்குப் பேர்போனது. தசாவதாரம் போட்டார்கள் என்றால் பட்டணமே திரளும். கண்ணைப் பறிக்கும் திரைச்சீலை, மின்னுகிற உடை, தந்திரக் காட்சி! அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவிலே ஒரு பையன் எழுந்து நின்று பாடினால், மக்கள் திரைச்சீலையை மறந்தார்கள். பாட்டை மட்டும் கேட்டார்கள். மகரக்கட்டு வந்தது, போனது, குரல் மட்டும் போகவில்லை. முன்னிலும் உரமேறி நின்றது.

அந்நாளிலே ஒலிபெருக்கி ஏது? கொட்டகையின் கடைசி மூலையிலே தரையில் குந்தியிருக்கும் உழவனுக்கும் பாட்டு எட்டவேண்டும். தொண்டை ஒன்றே கருவி. ஐந்து கட்டைச் சுருதியிலே அவர் பாடுவார் என்று இசையறிந்தவர்கள் வியப்போடு சொல்வார்கள். உச்சத்துக்குப் போன குரல் அங்கேயே நின்று விளையாடும். இறங்கும்போது சொல் ஒன்றுகூடச் சிதையாது. சங்கீத வித்துவான்கள், நாடகக்காரன் பாட்டென்றால் முகம் சுளித்த காலம் அது. அவர்களே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலியிலே வண்டிக்காரன்! வித்துவானும் வண்டிக்காரனும் ஒரே பாட்டுக்குத் தலையசைத்தார்கள். குற்றாலத்து அருவி செய்த வேலையை அந்தக் குரலும் செய்தது.

இனி, கொடுமுடிக்குப் போவோம். காவிரிக்கரையிலே, 1908இல், ஏழை வீட்டிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தையை இழந்த குடும்பம். வயிற்றுப் பிழைப்புக்காக ஓடுகிற ரயிலிலே பாடியது அந்தக் குழந்தை. பாட்டைக் கேட்டு வியந்த ரயில்வே அதிகாரி ஒருவர் நாடகத்திலே சேர்த்துவிட்டார். அவர்தான் கே.பி. சுந்தராம்பாள். செங்கோட்டைச் சிறுவனும் கொடுமுடிச் சிறுமியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பள்ளியிலே படித்தார்கள். அந்தப் பள்ளிக்குப் பெயர் பசி!

1920களின் நடுவிலே, இலங்கையிலே, இருவரும் ஒரே மேடையிலே நின்றார்கள். அம்மையாரோடு போட்டியிட்டுப் பாடித் தாங்கமுடியுமா என்று கிட்டப்பாவின் காதிலே ஓதியவர்கள் உண்டென்று சொல்வார்கள். வள்ளி திருமணம்! இவர் வேலன், அவர் வள்ளி. அது ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊரிலிருந்து நடிகர்கள் மாலையிலே வந்திறங்குவார்கள், இரவிலே மேடையேறுவார்கள். கதை தெரியும், பாட்டு தெரியும். நடுவிலே நடக்கும் தர்க்கம் மட்டும் அந்தந்த நேரத்து அறிவு. அவர் ஒன்று கேட்க, இவர் மடக்க, அவர் பாட்டாலே தொடுக்க, இவர் பாட்டாலே முடிக்க, விடிந்ததே தெரியாமல் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோற்றவர் யாருமில்லை. வென்றது தமிழ் நாடகம்.

மேடையிலே இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தார்கள். இங்கேதான் கதை முள்ளிலே கால் வைக்கிறது. அவர் அக்கிரகாரம், இவர் அதற்கு வெளியே. அவருக்கு முன்னமே மணமாகியிருந்தது. வீட்டிலே ஒரு மனைவி இருந்தார். அந்த அம்மையாரின் கண்ணீரைப் பற்றிப் பாட எந்தப் பாட்டுக்காரனும் இல்லை. இதையும் நாம் சொல்லியே ஆகவேண்டும். ஒருவனுக்கு இரு மனைவியர் என்பதைச் சாத்திரமும் ஏற்றது, சட்டமும் ஏற்றது. தாங்கிக்கொள்ள வேண்டியவள் பெண்! கொட்டகையிலே இருவரையும் ஒன்றாகக் கண்டு கைதட்டிய சமுதாயம், தெருவிலே இருவரையும் ஒன்றாகக் கண்டபோது முணுமுணுத்தது. வள்ளியை முருகன் மணந்தால் கும்பிடுவார்கள். வாழ்க்கையிலே சாதி தாண்டினால் குடும்பமே குலைந்ததென்பார்கள்!

அதே காலத்திலே, 1929இல், செங்கற்பட்டிலே தந்தை பெரியாரின் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், விதவைக்கு மறுமணம் வேண்டும், சாதி ஒழிய வேண்டும் என்று தீர்மானங்கள் இயற்றியது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அந்த முகாமில் இருந்தவர்கள் அல்லர். கதர் உடுத்தியவர்கள்; காங்கிரசு மேடையிலே பாடியவர்கள். நம் அரசியல் வேறு, அவர்கள் அரசியல் வேறு. ஆனால் மாநாடு தீர்மானமாக எழுதியதை, அவர்கள் தங்கள் வாழ்க்கையாலே, நோவோடும் பிழையோடும், முயன்று பார்த்தார்கள். அதனாலேதான், கொள்கையிலே எட்ட நின்றாலும், நெஞ்சத்திலே கிட்ட வைக்கிறோம்.

இருவருமாக நாடகக் குழு நடத்தினார்கள். இசைத்தட்டுகள் வந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று மணித்துளிகள்தாம் ஓடும் அந்தக் கறுப்புத் தட்டு. விடிய விடியப் பாடியவரின் ஆற்றலில் நமக்கு மிஞ்சியது அந்த மூன்று மணித்துளிகள்தான்! புகழ் வந்தது, பொருள் வந்தது. பிறந்த குழந்தையோ தங்கவில்லை. இடையிலே பிரிவும் வந்தது. அதோடு மதுவும் வந்தது. இரவெல்லாம் விழிப்பு, பகலிலே பயணம், வேளைக்கு உணவில்லை, ஓய்வு என்பதே இல்லை. ஆறு வயதிலே தொடங்கிய உழைப்பு! உடல் இரும்பா என்ன? குடல் கெட்டது, ஈரல் கெட்டது. பாட வந்தவர் மேடையிலே தள்ளாடும் நிலை வந்தது. கொட்டகைக்காரருக்கு வசூல் கவலை. ரசிகருக்குப் பாட்டுக் கவலை. அந்த உடம்பைப் பற்றி யாருக்குக் கவலை?

1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். 27 வயது முடிந்து 28 நடந்துகொண்டிருந்தது. கல்லூரி முடித்து வேலை தேடுகிற வயது இன்றைய பிள்ளைக்கு. அந்த வயதிலே இருபது ஆண்டுக்கு மேலான உழைப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். அணிகலன் துறந்தார். ஆண் நடிகரோடு இணையாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் வந்த பக்த நந்தனார் படத்திலே அவரே நந்தனாராக, ஆண் வேடத்திலே, நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1953இல் ஔவையார். சட்டமன்ற மேலவையிலும் அமர்ந்தார். 1964இல் நம் கலைஞர் எழுதிய பூம்புகார் படத்திலே கவுந்தியடிகளாக நின்றார். காங்கிரசுக் குரல், கழகத்துக் கலைஞரின் எழுத்துக்கு உயிர் தந்தது. கலைக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு. 1980இல் மறையும் வரையில், ஏறத்தாழ 47 ஆண்டுகள், அந்த வெள்ளைச் சேலை மாறவில்லை.

அது அவர் அன்பின் அடையாளம், தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு கேள்வியை அடக்கிக்கொள்ள முடியவில்லை. மனைவியை இழந்த எந்த ஆண் 25 வயதிலே வெள்ளை உடுத்தி 47 ஆண்டு தனித்திருந்தான்? அவர் விரும்பி ஏற்றார் என்பது உண்மை. விரும்பாத ஆயிரமாயிரம் பெண்களின் மேல் அதே வெள்ளையை வீசியெறிந்த சமுதாயம், அவர் துறவை மட்டும் சிலாகித்ததே, அதை எப்படி மன்னிப்பது?

சரி, செங்கோட்டைச் சிறுவனின் கதையை இப்போது எதற்காகச் சொன்னோம்? இரங்கல் பாடவா? அல்ல! குற்றாலத்து மேடையின் பக்கவாட்டிலே நிற்கிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்காகச் சொன்னோம்.

அன்று பசி பிள்ளைகளை நாடகக் கம்பெனிக்கு ஓட்டியது. 1920இல், கிட்டப்பா கம்பெனிச் சோறு தின்றுகொண்டிருந்த காலத்திலேதான், நீதிக் கட்சியின் ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மதிய உணவு தந்து பார்த்தது. 1956இல் காமராசர் ஆட்சி அதை நாடெங்கும் விரித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவாக்கியது. 1989இல் கலைஞர் ஆட்சி முட்டை வைத்தது. 2022இல் தளபதி ஸ்டாலின் ஆட்சி காலைச் சிற்றுண்டியும் சேர்த்தது. நூறாண்டுப் பயணம்! ஒரு கவளச் சோற்றுக்காகத் தொண்டையை விற்க வேண்டிய நிலை இன்று செங்கோட்டைப் பிள்ளைக்கு இல்லை. இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் கிட்டப்பாவுக்கு யார் எழுப்பமுடியும்?

ஆனால் கடமை அதோடு முடிந்துவிடவில்லை. பாய்ஸ் கம்பெனி கொடியதுதான். குழந்தைப் பருவத்தைத் தின்றதுதான். என்றாலும் கலைவாணர் அங்கிருந்து வந்தார். நடிகவேள் ராதா அங்கிருந்து வந்தார். சிவாஜி வந்தார், எம்.ஜி.ஆர். வந்தார். அது தந்த பயிற்சியை, தமிழ் உச்சரிப்பை, கூட்டத்தின் முன் நிமிர்ந்து நிற்கும் துணிவை, இன்று யார் தருகிறார்கள்? கொடுமையை ஒழித்தோம், சரி. கல்வியையும் சேர்த்து ஒழித்துவிடலாமா? குளிப்பாட்டிய நீரோடு பிள்ளையையுமா கொட்டுவது?

நம் இயக்கத்துக்கு நாடகத்தின் அருமை புதிதல்ல. அறிஞர் அண்ணா எழுதினார், நடித்தார். சந்திரோதயம் ஊர் ஊராக உதித்தது. நூறு பொதுக்கூட்டம் செய்யாததை ஒரு நாடகம் செய்ததுண்டு. 1969 சனவரியிலே, நோயுற்ற உடலோடு அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி எது? சென்னை தியாகராயநகரிலே கலைவாணரின் சிலைத் திறப்பு! மேடைக்காரனுக்கு அண்ணா செய்த மரியாதை அது.

அந்தக் கலைவாணரின் பெயர் தாங்கிய அரங்கம் குற்றாலத்திலே இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. ஆண்டுதோறும் விழா எடுக்கும் பெரியோர்களைக் கேட்கிறோம்: சாரல் விழாவிலே ஓர் இரவை ஊர் வாலிபர் நாடகத்துக்கென்று ஒதுக்குங்கள். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், எங்கிருந்தும் பிள்ளைகள் வரட்டும். அரைமணி நாடகமானாலும் அவர்களே எழுதியதாக இருக்கட்டும். பழைய ஸ்பெஷல் நாடகக் கலைஞர் ஒருவரை ஒரு மாதம் சம்பளம் கொடுத்து ஆசிரியராக அமர்த்துங்கள். நடிக்கும் பிள்ளைக்குப் பொன்னாடை வேண்டாம். வழிச்செலவும் வயிறார உணவும் கொடுங்கள். தேர்வு நாளிலே ஒத்திகை வைக்காதீர்கள். பத்து மணிக்கு மேலே சிறுவரை மேடையிலே நிறுத்தாதீர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நடிக்கட்டும். எந்தத் தெருப் பிள்ளை எந்த வேடம் போடுவதென்று யாரும் கணக்குப் பார்க்காதிருக்கட்டும்.

இதற்குக் குற்றாலத்தைவிடப் பொருத்தமான மண் வேறு ஏது? திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி பிறந்த மண்ணல்லவா? அதிலே சீமாட்டியின் கையைப் பிடித்துக் குறி சொல்லுகிறவள் மலைக்குறத்தி. பக்தி இலக்கியம்தான், ஆனாலும், தெருவிலே ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்டவளை நாடகத்தின் நடுவிலே நிற்க வைத்தது. மேடைக்கு அந்த ஆற்றல் உண்டு.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறவர்கள், குளித்துத் தலை துவட்டிய கையோடு ஊர் திரும்பிவிட வேண்டாம். மாலையிலே அரங்கத்துக்கு வாருங்கள். முகத்திலே சாயத்தோடு, பாடம் மறந்துவிடுமோ என்று உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பாருங்கள். அவன் குரல் தடுக்கினாலும் கைதட்டுங்கள். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னாலே போய், அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள்.

கிட்டப்பாவை அன்று அப்படிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று!